ஏற்றி இறக்க அரை மணி நேரம்

கயிறு கட்டுவதில் என்னை மிஞ்ச ஒரகடம் பக்கத்தில் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. பிக்கப் வண்டி வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. இரும்புக் குழாய், கண்ணாடி, கம்பெனி கேன்டீனுக்குப் போகும் முட்டை, கல்யாண வீட்டு பீரோ என்று எதை ஏற்றினாலும் ஒரு கீறல் இல்லாமல் இறக்கியிருக்கிறேன். ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு இலவச சைக்கிள் பதினெட்டை ஒரே நடையில் கொண்டுபோனேன். பன்னிரண்டுக்கு மேல் ஏறாது என்று மற்ற டிரைவர்கள் அடித்துச் சொன்னார்கள். ஒரு சைக்கிளின் தலை முன்பக்கம் இருந்தால் அடுத்ததன் தலை பின்பக்கம் இருக்க வேண்டும். அப்படி மாற்றி மாற்றி நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று இடிக்காது, இடமும் மிச்சமாகும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டிகளை எடுத்து வைத்து இதை என் மனைவிக்கு விளக்கினேன். "செரி செரி, கரண்டிய வெச்சிட்டு மொதல்ல சாப்டுங்க" என்றாள். அவள் காதில் வாங்கவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சைக்கிளை எப்படி ஏற்றுவது என்று தெரியாமல் மூன்று நாள் தவித்தேன். அது என் மனைவியின் சைக்கிள்.

அவள் வண்டிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காலை ஷிப்ட்டுக்கு ஐந்து மணிக்கெல்லாம் சைக்கிளை மிதித்து மெயின் ரோட்டிலுள்ள கூட்டுரோட்டுக்குப் போவாள். அங்கே டீக்கடை ஓரமாகப் பூட்டிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். பிற்பகல் மூன்று மணிக்கு அதே பஸ் இறக்கிவிடும், சைக்கிளில் வீடு வந்து சேருவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வரும் மணியோசைதான் எங்கள் வீட்டில் கேட்கும் பெரிய சத்தம்.

தை மாதத்தில் ஒரு நாள் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று கீழே உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அவளுக்கு நினைவு இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் போய்விட்டாள். சாவுக்குக் கம்பெனி பஸ்ஸில் முப்பது பெண்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரு முகமும் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அவள் கைப்பையை பீரோவின் மேல் வைத்தேன். அதைத் திறக்கவே இல்லை.

சைக்கிள் கூட்டுரோட்டிலேயே நின்றது. அது எனக்குத் தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் வண்டி ஓட்டினேன். டீக்கடை இடப்பக்கம் வரும்போது கண்ணை வலப்பக்கம் வைத்துக்கொள்வேன். எடுத்துவந்து வீட்டில் நிறுத்திவிட்டால் அவள் வேலைக்குப் போய்த் திரும்பி வராத நாள் முடிந்துவிடும் என்று ஏதோ ஒரு கிறுக்குப் புத்தி. இப்படியே நான்கு மாதம் ஓட்டினேன்.

வைகாசியில் டீக்கடைக்கார அக்கா போன் செய்தாள். என் வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள்.

"ரோடு அகலப் பண்றாங்கபா. வெள்ளிக்கெழம காலைல ஜேசிபி வருது. என் கடையே போவுது. உன் வூட்டுக்காரி சைக்கிள் இங்கயே நிக்குது. வந்து எத்துக்கினு போ."

அன்றைக்குத் திங்கட்கிழமை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. சைக்கிளைப் படுக்க வைத்து ஏற்றலாம், அது சுலபம். ஆனால் ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பெடல் வளையும், பெயின்ட் உராயும். அதைவிட, அவளை ஆஸ்பத்திரியிலிருந்து படுக்க வைத்துத்தான் கொண்டு வந்தேன். சைக்கிளையுமா அப்படிக் கொண்டுவருவது என்று மனசு ஒப்பவில்லை. தலைகீழாக, சீட்டும் ஹேண்டிலும் தரையில் படும்படி நிறுத்தலாம். பழைய இரும்புக்காரர்கள் அப்படித்தான் கொண்டுபோவார்கள், அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் முன்சக்கரத்தைப் பின்கதவுக்கு வெளியே தொங்கவிட்டு, அடியில் மெத்தை போட்டு ஏற்றுவதைப் போனில் பார்த்தேன். அவர்கள் ரோடு வேறு, நம் ரோடு வேறு. கடைசியில் கம்பெனிகளில் கழித்துப் போடும் மரப்பலகைகளை அறுத்து, முன்சக்கரம் நிற்க ஒரு பள்ளம் வைத்து, ஒரு தாங்கி செய்தேன். இரண்டு பக்கமும் பழைய போர்வையைச் சுற்றினேன். அதைச் செய்ய ஒரு முழு நாள் ஆனது. இவ்வளவு அக்கறை அவள் இருந்தபோது எங்கே போயிருந்தது என்று நீங்கள் கேட்கலாம்.

கேட்கிறதுக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய ஐப்பசியில், அவள் இறங்கும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூட்டுரோட்டிலிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, மழ கொட்டுது. அப்டியே வண்டி எடுத்தாந்து சைக்கிளயும் தூக்கிப் போட்டுக்கினு கூப்டும் போறீங்களா?"

"சைக்கிள ஏத்தி எறக்கவே அரை மணி நேரம் ஆவும். எனக்கு லோடு கீது. மழ வுட்டதும் மிதிச்சிக்கினு வந்துடு."

"செரி" என்றாள். தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்தது, அவள் கேட்கவும் இல்லை. அதுதான் என்னை அறுக்கிறது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் பதில் கத்திவிட்டு மறந்திருப்பேன்.

வியாழக்கிழமை பிற்பகல் தாங்கியையும் கயிற்றையும் போட்டுக்கொண்டு கூட்டுரோட்டுக்குப் போனேன். சாவி அவள் கைப்பையில் இருக்கும், அதைத் திறக்க மனசு வராமல் பூட்டை அறுக்க ஒரு ரம்பத்தையும் வண்டியில் போட்டுக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவள் சைக்கிள் நின்றது. அதோடு இன்னொரு சைக்கிளும் நின்றது. இரண்டையும் சேர்த்து ஒரே சங்கிலியால் யாரோ பூட்டியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்தவள் சைக்கிள், கேட்க ஆள் இல்லை என்று எவளோ தன் வண்டியை இதில் கட்டி வைத்திருக்கிறாளே! வண்டியில் கிடந்த இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்து சங்கிலியில் வைத்தேன். இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன்.

"யோவ், இன்னா பண்ற? அத்த அறுக்காத!" என்று டீக்கடை அக்கா கையில் வடிகட்டியோடு ஓடி வந்தாள்.

"என் பொண்டாட்டி சைக்கிள்க்கா. யாரோ அவங்க சைக்கிளையும் இதோட சேத்துப் பூட்டிட்டுப் போயிக்கிறாங்க."

"யாரோ இல்ல. அந்தத் தெக்கத்திப் பொண்ணு. உன் வூட்டுக்காரிகூட லைன்ல நிக்குமே, அது. ரெண்டு பேரும் தெனமும் இப்டித்தான் ஒரே சங்கிலில பூட்டுவாங்க. ஆளுக்கு ஒரு சாவி. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றி அவள் எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எங்கள் ஊருக்குப் போகிற வழியில் ரூம் எடுத்திருக்கிறாள் என்பது வரைக்கும் காதில் விழுந்திருக்கிறது. மிச்சத்துக்கு "ம்" போட்டுக்கொண்டே போன் பார்த்திருப்பேன்.

"சாவி அதுகிட்டயும் கீதுன்னா, அது சைக்கிள அது எத்துக்கினு போயிருக்கலாமே?"

"அத்த அதுகிட்டயே கேளு. மூணு மணிக்கு பஸ் வரும்" என்று அக்கா கடைக்குள் போய்விட்டாள்.

ரம்பத்தை வண்டியில் போட்டுவிட்டு வந்து அப்போதுதான் சைக்கிளைச் சரியாகப் பார்த்தேன். நான்கு மாதம் வெயிலில் நின்ற சைக்கிள் இப்படி இருக்காது. சீட்டுக்குத் துணிக்கடைப் பை ஒன்று மாட்டி, நூலால் கட்டியிருந்தது. டயரை அழுத்திப் பார்த்தேன், காற்று இருந்தது. செயினில் எண்ணெய் கூட இருந்தது. பக்கத்துச் சைக்கிளின் சீட்டுக்கு எந்தப் பையும் இல்லை. அது வெடித்துப் பஞ்சு வெளியே வந்திருந்தது.

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். அவளை எனக்குத் தெரியும். கூட்டுரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ஏரிக்கரை ரோட்டில் சீருடையோடு நடந்து போவதை இந்த நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரோடு குறுகல். பின்னால் போய் ஹாரன் அடிப்பேன், அவள் முள்செடிப் பக்கம் ஒதுங்கி நிற்பாள். ஒரு தடவை ஒதுங்கத் தாமதமானதற்கு ஜன்னலில் தலையை நீட்டித் திட்டக்கூடச் செய்தேன்.

என் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"அண்ணே, அக்கா சைக்கிள எடுக்க வந்தியளா?"

"ஆமாம்மா. உங்கிட்ட சாவி கீதாமே? நீ உன்னுத எத்துக்கினு போயிருக்கலாமே? எதுக்கு இவ்ளோ நாளா நடக்குற?"

"ஒத்தச் சைக்கிளா நின்னா தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிருதாவண்ணே. போன வருசம் இங்க ரெண்டு சைக்கிள் அப்படித்தான் போச்சு. அதுக்குப் பொறவுதான் அக்கா ரெண்டையும் சேத்துப் பூட்டுவோம்னு சொன்னாவ. நான் என் சைக்கிள எடுத்துட்டா அக்கா சைக்கிள் ஒத்தையால்லா நிக்கும்?"

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"ரெண்டு மட்டம் உங்க தெரு முக்கு வரைக்கும் வந்தேன். நீங்க வண்டியக் கழுவிட்டு இருந்திய. என்னன்னு சொல்லிக் கேக்கன்னு தெரியல. திரும்பிட்டேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வியர்வையைத் துடைப்பது போல. கட்டிய புருஷன் கண்ணைத் திருப்பிக்கொண்டு போன சைக்கிளுக்கு இந்தப் பெண் தன் சைக்கிளைக் காவல் வைத்துவிட்டு, விடியுமுன்னே ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை என்று நடந்திருக்கிறாள்.

"வாம்மா, உன்னுதையும் சேத்து ஏத்திக்கலாம். ரூம்ல வுட்டுட்றேன்" என்று சொல்லி, வண்டியின் பின்கதவைத் திறந்து தாங்கியை எடுத்து வைத்தேன். ஒரு சக்கரத்துக்குச் செய்த தாங்கி, இரண்டுக்கு ஆகவில்லை. பூட்டைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக ஏற்றலாமா, படுக்க வைக்கலாமா என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"எதுக்குண்ணே தொறக்கணும்? இருக்கமேனிக்கே ஏத்திரலாம். தல மாத்தித்தான நிக்குது" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு சைக்கிளின் தலை ரோட்டுப் பக்கம் இருந்தது, இன்னொன்றின் தலை கடைப் பக்கம் இருந்தது. ஹேண்டில்பார்கள் ஒன்றையொன்று தொடவில்லை.

"அக்காதான் இப்படி நிறுத்தச் சொல்லிக் குடுத்தாவ. 'எங்க வூட்டுக்காரரு இப்டித்தான் பதினெட்டு சைக்கிள ஒரே நடையில ஏத்தினாரு'ன்னு லைன்ல எல்லார்ட்டயும் சொல்லுவாவ."

இரண்டு கரண்டிகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். முதலில் ஒரு முனையை வண்டி விளிம்பில் வைத்து, மறுமுனையைத் தள்ளினோம். இரண்டும் நிமிர்ந்தபடியே உள்ளே போய், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒரு கயிறு போட்டு முடிச்சிட்டேன். போர்வையும் வேண்டியிருக்கவில்லை, பலகையும் வேண்டியிருக்கவில்லை. மூன்று நாள் மூளையைக் கசக்கியது தண்டம்.

பெண்ணை முன்னால் ஏறச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு பின்கண்ணாடி வழியாக ஒரு தடவை சைக்கிள்களைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானாண்ணே?" என்றாள். கள்ளம் எதுவும் இல்லாமல்தான் கேட்டாள். "அன்னிக்கு மழையில அக்கா உங்களுக்குப் போன் போட்டப்ப நானும் இந்தக் கடையிலதான் நின்னேன். 'பாவம் அவரு, சைக்கிள ஏத்தி எறக்கவே அரை மணி நேரம் ஆவும், லோடு வேற கீதாம், நாம நனஞ்சிக்கினே போய்டலாம்'னு அக்கா சொன்னாவ. நானும் நெசமாவே அரை மணி நேரம் ஆவும்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

கடைக்குள் கடிகாரம் தெரிந்தது. மூன்று மணிக்கு வந்த பஸ். பேசியது, அழுதது, ஏற்றியது, கட்டியது எல்லாம் சேர்ந்து இப்போது மூன்று பன்னிரண்டு.

வண்டிச் சாவியில் கை வைத்தேன், திருப்ப வரவில்லை. அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் கொஞ்சம் சங்கடமாக நெளிந்தாள்.

"ஒங்களுக்கு லோடு இருக்காண்ணே? நேரமாவுதுன்னா நான் எறங்கி நடந்துக்கிடுதேன்."

"லோடு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

மழை பெய்த அன்றைக்கும் எனக்கு லோடு இருக்கவில்லை. மறைமலை நகரில் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, டீ குடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.