மெஷின் ஓடுவதற்கு முன் ஒரு வரி

அந்த மழைக்காலத்தில் என் மதியங்களெல்லாம் அழிப்பதிலேயே போயின. செம்பூர் வீட்டு ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவேன். வெளியே மழை எதிர் பில்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். உள்ளே நான் நிரல் வரிகளைக் கரைப்பேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய அரைத்தூக்கத்தில், இரண்டில் எது என் வேலை என்று சந்தேகம் வரும்.

வேலை இதுதான். கணினியின் டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்க ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பது, முன்ஜாக்கிரதைக்காரர் ரகம். எதைச் செய்வதற்கு முன்னும் ‘இதைச் செய்யப்போகிறேன்’ என்று ஜர்னல் என்ற ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால், மறுபடி எழுந்ததும் குறிப்பேட்டைப் படித்து விட்ட வேலையை முடித்துவிடும்; அதற்கு ரெகவரி என்று பெயர். நானும் ‘பால், தனியா, ப்ளவுஸ்’ என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் வெளியே போகிறேன். என்னிடம் இல்லாதது அந்த இரண்டாவது பகுதி மட்டும்தான் என்பது என் மனைவியின் கருத்து.

அந்தக் குறிப்பேட்டின் பழைய வடிவம், நான் இருபத்தேழு வயதில் எழுதியது. அப்புறம் நல்லதாகப் புது வடிவம் வந்துவிட்டது. பழையதைப் படிக்கத் தெரிந்த ஆயிரத்துச் சொச்சம் வரிகள் மட்டும் யாருடைய இரக்கத்திலோ தங்கிவிட்டன. நான் வளர்ந்த மாட்டுங்கா வீட்டில் ஒரு கதவு உண்டு, திறந்தால் சுவர். அதற்கும் வருடாவருடம் பெயிண்ட் அடிப்போம். இந்த வரிகளையும் அப்படித்தான் காப்பாற்றி வந்தார்கள். எடுத்துவிடலாம் என்று ஒருவழியாக முடிவானதும், எழுதியவன் கையாலேயே ஆகட்டும் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். ‘யாராவது இதை இன்னும் பயன்படுத்துகிறீர்களா?’ என்று எங்கள் மின்னஞ்சல் குழுவில் கேட்டேன். உலகம் முழுக்க மௌனம். ஓய்வு நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்குப் பழகிய மௌனம்தான்.

“ப்ளவுஸ் வாங்கிண்டு வரச் சொன்னது திங்கக்கிழமை,” என்றாள் மனைவி. “இன்னிக்கு வியாழன். கைல எழுதிண்டதும் மழைல போயிடுத்தா?”

மறுநாள் காலை சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி, முழங்கால் தண்ணீரில் தாராவிக்குள் நடந்தேன். ஒரு பேக்கரிக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால் எம்பிராய்டரி பட்டறை. நடத்துகிற அக்காவுக்குச் சொந்த ஊர் நம் தெற்கத்தி நாசரேத் பக்கம். கல்யாண ப்ளவுஸும் சர்ச் மேஜை விரிப்பும் அவருடைய தொழில். நான் போனபோது இரண்டு மெஷின்களும் சும்மா நின்றன. அக்காவும் வேலை செய்கிற பெண்கள் இருவரும், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

“ப்ளவுஸ்…” என்றேன்.

“இருங்க சார். லைன் வரட்டும்.”

திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலேறிக் கடைசியில் ஒரு வரியில் நின்றன: ‘பழைய ஜர்னல், ரெகவரி கம்ப்ளீட்’ என்று ஆங்கிலத்தில். “ஸ்தோத்திரம்,” என்று அக்கா சுவிட்சைத் தட்டினார். ஊசிகள் ஒரே நேரத்தில் மழையாகப் பிடித்துக்கொண்டன.

அது என் வரி. கனவில் செத்துப்போனவர்கள் வந்து காபி கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருப்பதில்லையே, அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பேக்கரியிலிருந்து பாவ் ரொட்டி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. பிறகுதான் உறைத்தது. முதல் நாள் கணினியைச் சரியாக மூடாமல் விட்டால் மட்டுமே வரும் வரி அது.

“நேத்து கரண்ட் போச்சா அக்கா?”

“போவலியே. நான்தான் பிளக்கைப் புடுங்குனேன். தினம் புடுங்குவேன்.”

“ஏன்?”

“ஒரு நாளு இவ பட்டனை அமுக்கி ஒழுங்கா பந்த் பண்ணிட்டா சார். மறுநாள் காலையில லைன் வரல்ல. அன்னைக்கு மூணு ஊசி ஒடிஞ்சிது. கல்யாணப் பொண்ணு ப்ளவுஸ்ல மயிலுக்கு ரெண்டு தலை. அதுலருந்து யாரையும் பந்த் பண்ண விடுதது இல்ல.”

“அந்த ரெண்டு தலைய இன்னும் எத்தன வருஷம் சொல்லுவிய?” என்றாள் மெஷினில் இருந்தவள், திரும்பாமல்.

உலகத்தில் யாருக்கும் வேண்டாத என் வரிகள், இந்த மாடியில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஜெபத்தோடு ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. கொஞ்சம் மிதந்தேன். அக்காதான் இறக்கிவிட்டார்.

“அடுத்த வாரம் புதுக் கம்ப்யூட்டர் வருது. இந்த டப்பா ரொம்ப கத்துது. டிஸ்க்கை மட்டும் கழட்டி கடைக்காரன் அதுல மாட்டிருவான். பதினாலு வருஷ டிசைன்லா உள்ள கிடக்கு.”

நான் அழித்து முடித்த பிறகு ஏதாவது ஓர் அப்டேட்டில், அந்தப் புதுக் கணினிக்கு இந்த டிஸ்கைத் திறக்கத் தெரியாமல் போய்விடும். பதினாலு வருடத் திராட்சைக் குலைகளும் மயில்களும் உள்ளேயே கிடக்கும். நகலெடுத்து வேறு டிஸ்கில் போட்டுத் தருகிறேன் என்றேன். “ஒரிஜினல்தான் சார் வேணும். நகல்ல தையல் சரியா விழாது.” கணினிக்குள் எல்லாமே நகல்தான் என்று விளக்கினேன். ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. டிஸ்கைப் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரே ஒருமுறை கணினியை ஒழுங்காக மூட வேண்டும். சொன்னேன்.

“பந்த் பண்ணா டிசைன் பூரா நிக்குமா?”

“நிக்கும்.”

“நாளைக்கு லைன் வருமா?”

“வராது அக்கா. இனிமே எப்பவும் வராது.” அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “வேணும்னா தினம் வர்ற மாதிரி நான் எழுதி வெச்சுடறேன்.”

“நீங்க எழுதி வெச்சா அது எப்படி சார் கணக்கு? தானா வரணும்லா.”

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடத்தில் முதன்முதலாக ஒரு வாசகர் கிடைத்திருக்கிறார். “முதல்லயும் நான்தான் எழுதினேன் அக்கா. அந்த லைனை.”

மெஷின் பெண் மெஷினை நிறுத்தினாள். அக்கா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்: சொட்டுகிற குடை, மடித்துவிட்ட பேண்ட், கையில் கரைந்துபோன ‘தனியா’.

“நீங்களா எழுதுனிய?” என்றார். “நான் வேற யாரோன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”

மேஜை விரிப்பு ஒன்றை மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம், “சரி, பண்ணுங்க. ஆனா நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நீங்க இங்க நிக்கணும்,” என்றார்.

மதியம் மூன்று மணிக்கு, அவரே கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்த, கணினி முறையாக அணைந்தது. டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி மாற்றினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. தகரக் கூரையில் மழை, காற்றில் நூல்தூசி. அந்த ஒரு மணி நேரம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் தாராவி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மறுநாள் ஒன்பதுக்கு நின்றேன். எழுத்துகள் மேலேறின, நின்றன. அந்த வரி இல்லை. சும்மா ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா திரையைப் பார்த்தார், பிறகு என்னை.

“சொல்லுங்க,” என்றார்.

“என்னத்த?”

“அதத்தான். நீங்கதான எழுதுனிய? வாயால சொல்லுங்க.”

தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகத்தில்கூட நான் காட்டாத கம்பீரத்தோடு, “ரெகவரி கம்ப்ளீட்,” என்றேன்.

“ஸ்தோத்திரம்.” சுவிட்ச். முதலில் ஒரு திராட்சைக் குலை விழுந்தது. எண்ணிப் பார்த்தோம், ஒரு பழம் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஆயிரத்துச் சொச்சம் வரிகளையும் அழித்து அனுப்பினேன். ‘நன்றி’ என்று ஒரு வார்த்தையில் ஏற்றுக்கொண்டார்கள். ப்ளவுஸைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இப்போது ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஒன்பதுக்கு அக்காவின் போன் வருகிறது. எங்கே இருந்தாலும் எடுத்து, ரெகவரி கம்ப்ளீட் என்கிறேன். குர்லா ரயில் நெரிசலில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது சொன்ன அன்று, “இன்னைக்கு கொஞ்சம் மெதுவா வருது சார்,” என்றார் அக்கா. ஸ்தோத்திரம் சொன்னதும் வைத்துவிட மறந்துபோகிறார். அந்தப் பக்கம் ஊசிகள் ஓடத் தொடங்குகின்றன. நானும் வைப்பதில்லை.