அவன் போனில் தெரிந்த பச்சை டிக்

எங்களை ஏமாற்றியவன் போகிற போக்கில் ஏமாற்றிவிட்டுப் போகவில்லை. கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியை ரசித்துக் குடித்துவிட்டுப் போனான். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிவது முதலில் அதற்குத்தான். ஃபிரிட்ஜ் எல்லாம் அப்புறம்.

மயிலாப்பூரில் நாங்கள் இருந்த அடுக்குமாடி பழசாகிவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கட்டி முடிக்கும்வரை இருப்பதற்கு அடையாறில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். பெரிய ஃபிரிட்ஜும் தேக்குச் சாப்பாட்டு மேஜையும் அந்த வீட்டு வாசலுக்குள்ளேயே நுழையாது. பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில் இரண்டையும் படம் எடுத்துப் போட்டார் என் கணவர். கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். தண்ணீர்த் தொட்டி கழுவிய செலவானாலும் லிஃப்ட் பழுது பார்த்த செலவானாலும் அவரிடம் ஒரு பைசா தப்பாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

ஃபிரிட்ஜ் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவன் கூப்பிட்டான். "நமஸ்காரம் மாமா" என்று ஆரம்பித்தான். "நாங்க வேளச்சேரில இருக்கோம். அம்மாவை எங்களோட அழைச்சுண்டு வந்துட்டேன். அவளுக்கு மடி ஆசாரமா தனியா ஒரு ஃபிரிட்ஜ் வேணுங்கறா." அவ்வளவுதான், நாங்கள் உருகிவிட்டோம். நம்மவா! விலையை அவன் குறைக்கச் சொல்லவே இல்லை. ஒரு கட்டுக் கீரைக்குப் பேரம் பேசுகிற ஊரில், பழைய சாமான் வாங்க வருகிறவன் சொன்ன விலைக்குச் சரி என்கிறானே என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அவன் பேசிய ஆத்துத் தமிழே அவனுக்கு ஜாமீன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நெற்றியில் சந்தனக் கீற்றும் இஸ்திரி கலையாத சட்டையுமாக வந்தான். கீழே வாடகைக்குப் பிடித்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி நின்றது. "மாமி, காபின்னா இதுதான் காபி" என்றான். பிறகு தன் போனை என் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் பச்சை டிக். கடைகளில் ஒரு பெட்டி பேசுமே, அதே மாதிரிக் குரலில் பணம் செலுத்தப்பட்டுவிட்டது என்று அவன் போனே சொன்னது. என் கணவரின் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று நான் எழுந்தேன். வேண்டாம் என்று அவர் கண்ணைக் காட்டினார்.

ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பிய பிறகு ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆத்துக்கு வந்தவா எதிர்ல போனை எடுத்துப் பார்த்தா, உன்னை நம்பலைன்னு மூஞ்சில அடிக்கற மாதிரி ஆயிடாதோ?" என்றார்.

பணம் வரவில்லை. சாயங்காலம் கூப்பிட்டபோது பேங்க் சர்வர் மக்கர் பண்ணுகிறது மாமா என்றான். மறுநாள் அந்த எண்ணே உயிரோடு இல்லை. புகார் கொடுத்தோம், எழுதிக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால் நான் இவ்வளவு பொங்கியிருக்க மாட்டேன். தி.நகரில் இருக்கிற என் மைத்துனர், அவருடைய தம்பி, விஷயத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'மேத்ஸ் புரொபசரே ஏமாந்தால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?' கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். வயதாகிவிட்டது என்று ஒருத்தி. ஒரு தடவை செக் பண்ணியிருக்கலாமே என்று இன்னொருத்தன். அத்தனை பேரில் ஒருத்தராவது அந்தத் திருட்டுப் பயலை ஒரு வார்த்தை திட்ட வேண்டுமே! திருடினவன் சௌக்கியமாக இருந்தான். ஏமாந்தவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

அவர் தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். "இனிமே நீயே வெச்சுக்கோ." சங்கத்துப் பொறுப்பையும் விட்டுவிட்டார். காய்கறி வாங்கப் பர்ஸில் பணம் எடுத்துக்கொண்டு போவார். வந்ததும் மீதிச் சில்லறையை என் முன்னால் வைத்து, "சரியா இருக்கா பாரு" என்பார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர்! ஃபிரிட்ஜ் யார் வீட்டில் வேண்டுமானாலும் ஓடட்டும். எனக்கு என் பழைய கணவர் திரும்ப வேண்டும். வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

மேஜைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மைத்துனர் என்னைக் கூப்பிட்டார். "மன்னி, அண்ணாவை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கோ. நீங்க பார்த்துக்கோங்கோ." எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. போனை எடுத்துப் போய் அவருடைய சட்டைப் பையில் செருகினேன்.

"நீங்கதான் விக்கறேள். நம்ம போன்ல, நம்ம கணக்குல வந்து விழுந்தாதான் அது பணம். அவன் போன்ல தெரியறது வெறும் படம். வரவரைக்கும் மேஜை நகரப்படாது" என்றேன்.

"வந்தவருக்குக் காபி?"

"அது எப்பவும் உண்டு."

வந்தவன் தோளில் லேப்டாப் பையோடு, சார் சார் என்று குழைந்தான். மேஜையைத் தட்டிப் பார்த்தான். போனில் ஏதோ தட்டினான். நீட்டினான். அதே பச்சை டிக்.

"பேமெண்ட் போயிடுச்சு சார். ஆளைக் கூப்பிட்டு இறக்கிடலாமா?"

அவர் தன் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "எனக்கு இன்னும் வரலையே" என்றார்.

"நெட்வொர்க் ஸ்லோ சார். வண்டி ரோட்டுல நிக்குது, ஃபைன் போட்டுடுவாங்க."

"உக்காருங்கோ. காபி சாப்பிடறதுக்குள்ள வந்துடும்."

அவன் குரலை உயர்த்தினான். "என்ன சார், என்னைப் பார்த்தா திருடன் மாதிரி தெரியுதா?"

அவர் என்னைப் பார்த்தார். அவனைப் பிடித்து வெளியே தள்ள எனக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இது அவர் சொல்ல வேண்டிய பதில்.

"திருடன்னு நெனைச்சிருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பேன். ஆத்துக்கு வந்தவர்னுதான் உக்காரச் சொல்றேன்" என்றார்.

டிரைவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று படி இறங்கியவன், திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டிக்காரர்தான் மேலே வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு.

"இன்னா சார், அவரு எங்க? வண்டி நின்னுக்கினு கீது."

உங்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் இறங்கினான், அப்படியே நழுவிவிட்டான் போலிருக்கிறது என்றோம். வண்டிக்காரரின் முகம் தொங்கிவிட்டது.

"வாடகைய போன்ல போட்டேன்னு காட்னான் சார். டிக்கு வந்துச்சு. கோடம்பாக்கத்துலேர்ந்து ஓட்டிக்கினு வந்துட்டேன்."

"உங்க போன்ல வந்துதான்னு பார்க்கலையா?"

"நல்ல ஆளாட்டம் இருந்தான். மூஞ்சிக்கு நேரா எப்டி சார் கேக்கறது?"

என் கணவரின் முகம் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தன் ஃபிரிட்ஜ் போனபோது வராத கோபம். "படுபாவி, உழைக்கறவன் கூலியில கை வைக்கறானே!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவனுக்காகக் கலந்து வைத்திருந்த காபியை வண்டிக்காரருக்குக் கொடுக்கச் சொன்னார். வண்டி வாடகையைத் தன் போனிலிருந்து தானே அனுப்பினார்.

"உங்க போனைப் பாருங்கோ. என் போனைப் பார்க்கப்படாது. வந்துடுத்தா?"

"வந்துச்சு சார்."

அப்போது அவர் கையிலிருந்த போன் அடித்தது. மைத்துனர். நான்தான் எடுப்பேன் என்று நினைத்து, இவர் எடுத்ததுமே அவர் சிரித்துக்கொண்டு கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "என்ன மன்னி, மேஜை இருக்கா, அதையும் அண்ணா தாரை வார்த்துட்டாரா?"

"நான்தான்டா பேசறேன். மேஜை இருக்கு. இங்க ஒருத்தர் ஏமாந்துபோய் உக்காந்துண்டிருக்கார். சிரிக்கணும்னா நேர்ல வந்து, அவர் மூஞ்சியைப் பார்த்துச் சிரி."

அவர் அழைப்பைத் துண்டித்தார். வழக்கம்போல வாங்கி வைக்க நான் கையை நீட்டினேன். அவர் போனைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.