நாற்பத்தேழாவது நிறமூர்த்தம்

உள்ளறையில் தகரப்பெட்டியின் மூடி தடாரென்று திறந்தது. அடுப்படியில் மகள் தனுஜாவுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த பூரணியின் கை அந்தரத்தில் நின்றது. நாத்தனார் மீனம்மா, தம்பியின் துணிமணிகளை அள்ளத் தொடங்கிவிட்டாள்!

டயகம தேயிலைத் தோட்டத்தில் பதினாலு வருஷமாகக் கொழுந்து பறிப்பவள் பூரணி. அட்டைக்கும் அடைமழைக்கும் அசையாதவள் என்று மலையில் பெயர். இன்று அவள் நெஞ்சு பதறியது. நான்கு வயதாகியும் மகளுக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளையை ஏதாவது விடுதியில் விட வேண்டும், இல்லையென்றால் தம்பியைத் தன் ஊரான பூண்டுலோயாவுக்கே கூட்டிப் போய்விடுவேன் என்று வந்து நிற்கிறாள் மீனம்மா. யோகேஸ்வரனோ கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். புருஷன் போய்விடுவானோ?

பூரணி உள்ளறை வாசலுக்கு ஓடினாள்.

"ஆறு மாச வயித்தோட காமன் கூத்துல மன்மதன் எரியிறதப் பாத்தியே, பிள்ள வேற எப்பிடிப் பொறக்கும்?" என்றாள் மீனம்மா.

"அதனால இல்லீங்க மதினி. நிறமூர்த்தம் ஒண்ணு கூடிப்போச்சுன்னு நேத்துதான் கண்டி டாக்டரம்மா சொன்னாங்க."

"அது எந்தக் கடையில விக்கிதுடி?"

"நம்ம ஒடம்புலதாங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் நூல் நூலா நாப்பத்தாறு. ஆராய்ச்சிக்காரங்க சாயம் ஊத்திப் பாத்தப்ப அது மட்டும் நிறத்த இழுத்துக்கிச்சாம். அதான் கிரேக்க மொழியில 'நிறமுள்ள உடம்பு'ன்னு பேரு வச்சாங்களாம். நம்ம பாப்பாவுக்கு நாப்பத்தேழு."

"பெரிய டாக்டரு! கூத்துச் சாபத்த மறைக்கிறியா?"

"கரு உண்டாகும்போதே கூடிருச்சுங்க. கூத்து நடந்தது ஆறாம் மாசத்துல."

யோகேஸ்வரன் சட்டென்று நிமிர்ந்தான். கண்கள் குளமாகியிருந்தன.

"அப்ப... நான் மதன் வேசம் கட்டுனதால இல்லியா பூரணி?"

பூரணிக்கு இப்போதுதான் விளங்கியது. அந்த வருஷக் கூத்தில் சிவன் எரிக்கும் மதனாக ஆடியவன் அவன்தான். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது அந்த வேஷம் கட்டாதே என்று தோட்டத்தில் எத்தனையோ பேர் தடுத்தார்கள். கேட்காமல் காப்புக் கட்டி ஆடினான். அந்தக் குற்றத்தை நான்கு வருஷம் ஒற்றை ஆளாகச் சுமந்தா பெற்ற மகளின் முகம் பார்க்காமல் திரிந்தான்!

"இல்லவே இல்லீங்க" என்றாள் பூரணி.

அவன் அடுப்படிக்குப் போய் மகளை வாரி எடுத்தான்.

"அக்கா, அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. கெளம்புங்க."

"ஒன்னக் கூட்டிப் போகத்தானடா வந்தேன்!"

"நான் வரல."

மீனம்மா தம்பியை முறைத்தாள். சேலைத் தலைப்பை உதறி இழுத்துப் போர்த்திக்கொண்டு, விறுவிறுவென்று படியிறங்கினாள். வாசலில் பனிமூட்டம் புகுந்தது. இடுப்பில் மகளோடு யோகேஸ்வரன் கதவைச் சாத்தினான்.