டீச்சர் சொன்ன ‘வளி’

மௌலா அலியில் எங்கள் தேவாலயத்துச் சிறுவர் பாடகர் குழுவை என் மனைவி பல ஆண்டுகள் பயிற்றுவித்தாள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆனால் வெளிமாநிலத்தில் வளர்ந்ததால் தமிழ் எழுத்து தெரியாது. அவள் பாடிக் காட்டுவதைக் கேட்டே பாடுவார்கள். சென்ற மாதம் அவள் காலமானாள். நினைவு ஆராதனைக்கான ஒத்திகையை நான் கவனித்துக்கொண்டேன்.

‘வழி’ என்ற சொல்லை எல்லோரும் ‘வளி’ என்றே பாடினார்கள். அவளுக்கான பாடல் குறையின்றி அமைய வேண்டும் என்று நிறுத்தித் திருத்தினேன்.

"டீச்சர் ‘வளி’ன்னுதானே சொன்னாங்க, அங்கிள்?" என்றான் ஒருவன்.

"அது டீச்சரோட மதுரைப் பேச்சுப்பா. நாக்கை மடிச்சு ‘வழி’ன்னு சொல்லுங்க."

"நக்கோ அங்கிள், வேணாம், நாக்கு சுளுக்கிக்கும்!"

சிரித்தார்கள்; ஆயினும் விரைவில் கற்றுக்கொண்டார்கள். மறுமுறை ‘வழி’ பிழையின்றி ஒலித்தது. அந்தப் பாடலில் அதுவரை அவள் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"டீச்சர் சொன்னபடியே பாடுங்க," என்றேன்.

"அப்ப அது தப்பில்லையா, அங்கிள்?"

"தப்புதான். அப்படியே பாடுங்க."

உச்சரிப்பில் சிறு பிழையையும் பொறுக்காதவன் நான். ஆராதனையன்று அந்த ஒரு பிழைக்காகக் கண்களை மூடிக் காத்திருந்தேன்.