துணை அமைச்சர் மெங்கும் என் பொறாமையும்

வியாழக்கிழமை காலை ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவி ஃபரீதா போன் செய்தாள். "ஏங்க, எக்ஸிட் எடுத்து எங்கயாவது பார்க் பண்ணுங்க. நம்ம மெங் தவறிட்டாராம். ஷட்டில் குரூப்ல போட்டிருக்காங்க."

நிறுத்தினேன். மெங் தைவானின் வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். அவர் படத்தை அங்கே நாளிதழ்களின் முதல் பக்கத்தில் போடுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. ஹூஸ்டனை அடுத்த பேர்லேண்டில் அவரோடு ஷட்டில் ஆடிய நண்பர்களே, இதைப் படிக்கும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், ஹூஸ்டனில் அவர் நாட்டு அலுவலகத்துக்கு இளநிலை அதிகாரியாக வந்தார். நான் அங்கே ஆங்கிலக் கடிதங்கள் எழுதும் உள்ளூர் ஊழியன். இந்திய வெளியுறவுப் பணிக்காக இரண்டு முறை டெல்லியில் நேர்முகத் தேர்வு வரை போய்த் தோற்று, ஃபரீதாவின் ஐ.டி. வேலையால் டெக்சாஸ் வந்தவன். நான் ஆசைப்பட்ட வேலையை என்னைவிட மூன்று வயது இளையவர் எதிர் மேசையில் செய்துகொண்டிருந்தார்.

அவர் நாட்டுக்கு அமெரிக்காவோடு முறையான தூதரக உறவு கிடையாது. ஒரு விருந்தில் மற்ற நாட்டுத் தூதரக அதிகாரிகளுக்கெல்லாம் பெயர் எழுதிய நாற்காலி இருந்தது; அவருக்கு இல்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அவரோ சுவரோரம் நின்று, பரிமாறியவர் முதல் விருந்தளித்தவர் வரை எல்லோரிடமும் பேசினார். "உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இரண்டு பேரைத்தான் தெரிந்துகொண்டிருப்பேன்" என்றார் காரில்.

நான் எழுதிய உரையை ஒரு வணிகர் கூட்டத்தில் அவர் வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். திரும்பும் வழியில், "அதெல்லாம் என் வார்த்தைகள்" என்றேன். அடுத்த கூட்டத்தில், "எழுதியவரே பேசுவார்" என்று மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். வாசித்து முடித்தேன். காகிதத்தில் இல்லாத ஒரு கேள்வி வந்தது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, "நேற்று இதற்கு இவர் எனக்கொரு பதில் சொன்னார்" என்று தொடங்கி, நான் சொல்லவே சொல்லாத பதிலை என் பெயரில் சொன்னார். அந்த உதவியைப் பல வருடம் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அவருக்கு மூன்று நாடுகளில் பணி, தலைநகர் தைப்பேயில் துறைத் தலைவர், துணை அமைச்சர். ஒவ்வொரு உயர்வையும் இணையத்தில் தேடிப் படித்தேன். "இவ்வளவு தேடுறீங்களே, ஒரு கங்கிராட்ஸ் அனுப்பினா என்ன?" என்பாள் ஃபரீதா. அனுப்பியதில்லை.

துணை அமைச்சராக அவர் ஹூஸ்டன் வந்தபோது வரிசையில் நின்று கை குலுக்கினேன். கையை விடாமல் கேட்டார்: "எனக்குப் பதவி உயரும்போதெல்லாம் திட்டியிருப்பீர்களே?"

"ஆமாம்."

சிரித்தார். "வாழ்த்தியவர்கள் நிறைய. இது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்."

மெங்கிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பொறாமையைத்தான். நான் ஓய்வு பெறும் நாள் வரை, ஒவ்வொரு கடிதத்தையும் அவர் படித்தால் தலையசைக்க வேண்டும் என்று எழுத வைத்தது அது. இனி அதை வேறு யார்மீதும் வைக்க எனக்கு மனமில்லை.