உப்புப் பார்க்கச் சொன்னவள்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்து புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊர் எத்தாளையிலிருந்து கால்நடையாகப் போன அன்று இது நடந்தது.

அதற்கு முந்தின வருடம் என் மகள் பிரசவம் சிக்கலாகிச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்த்தி வைத்திருந்தேன். தாயும் பிள்ளையும் தப்பினால் நடந்தே வருவேன், கோயிலைச் சேரும்வரை நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படாது என்று. இருவரும் தப்பினார்கள். நேர்த்தியில் பிசகினால் அது பிள்ளையைப் பிடிக்கும் என்பது எங்கள் கரையில் எல்லோரும் சொல்வது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் செபமாலையும் மன்றாட்டும் மனப்பாடம். தவக்காலத்தில் என்னைப்போல் பசி தாகம் அடக்கி ஒறுத்தல் செய்கிறவர்கள் எங்கள் பங்கில் குறைவு. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் எங்கள் பங்குச் சுவாமி ஒரு புனிதையின் கதை சொன்னார். கடுந்தவம் செய்த கன்னியாஸ்திரி. யாரோ அன்பாகக் கொடுத்த கௌதாரிக் கறியை ருசித்துச் சாப்பிட்டாராம். பார்த்தவர்கள் முகம் சுளிக்க, தவத்துக்கும் ஒரு நேரம், கௌதாரிக்கும் ஒரு நேரம் என்றாராம். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இவரும் ஒரு புனிதையா என்று நினைத்தேன்.

அன்று பின்நேரமாகியும் வெயில் தணியவில்லை. வழியில் கண் இருண்டது. ஒரு வீட்டு வேலியைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். அந்த வீட்டுப் பெண் ஓடி வந்து நிழலில் இருத்தினாள். சிறுபிள்ளையில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் பெண். அவர்களுக்கு அது நோன்பு மாதம். தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்து வந்தாள்.

“வேணாம் மகள். நேர்த்தி இருக்கு.”

“ஒரு சொட்டும் குடிக்க மாட்டீங்களா?”

“கோயிலுக்குப் போய்த்தான்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியோடு வந்தாள்.

“அம்மா, ஒரு உதவி. ஊட்டுல எல்லாருக்கும் நோன்பு, உப்புப் பாக்க ஆளில்ல. நாக்குல வச்சிச் சொல்லுங்களேன். நோன்பு தொறக்கக்குள்ள உப்பில்லாட்டி எங்கட மனுசன் குதிப்பாரு.”

தண்ணீரை மறுக்கலாம். உதவி கேட்பவளை எப்படி மறுப்பது? பேத்தியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. என்றாலும் கோப்பையை வாங்கி நாக்கில் வைத்தேன்.

“சரியா இருக்கு.”

“ஒரு வாயில தெரியுமா? நல்லாப் பாருங்க.”

கோப்பை வெறுமையான பிறகுதான் எனக்குப் புத்தி தெளிந்தது.

“எவ்வளவு காலமாக் கஞ்சி காய்ச்சுறாய்?”

“கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து.”

“இன்னும் உப்புப் போடக் கை பழகேல்லையோ?”

“பழகாம என்ன! உங்கட அன்னம்மா கோவிச்சா எங்கட ஊட்டுக்கு அனுப்பி விடுங்க. அவவுக்கும் ஒரு கோப்ப தாறன்.”

சொன்னவளின் உதடு வறண்டு வெடித்திருந்தது. அவளுக்கு நோன்பு துறக்க இன்னும் நேரம் கிடந்தது.

மீதி வழியை நடந்து முடித்தேன். கோயிலில் முழந்தாளிட்டபோது மனப்பாடமான செபம் ஒன்றும் வாயில் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பேத்தி இப்போது முற்றத்து மணலில் ஓடித் திரிகிறாள். ஒறுத்தலை நான் விடவில்லை. ஆனால் அந்தப் புனிதை கௌதாரியை ஏன் மறுக்கவில்லை என்பது, சுவாமியின் பிரசங்கத்தில் அல்ல, நோன்பாளி ஒருத்தி நீட்டிய கஞ்சிக் கோப்பையில்தான் எனக்கு விளங்கியது.