அப்பா பெயர் வெட்டிய டப்பா

மலேசியாவின் பெர்மாஸ் ஜெயாவில் காலை எட்டு மணிக்கு நான் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, திண்டுக்கல்லில் அப்பாவின் அலாரம் அடிக்கும். அங்கே அப்போது ஐந்தரை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். மோட்டார் போட எழுந்துகொள்வதற்காக அப்பா வைத்தது. அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. அம்மா அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறாள், அலாரத்தை நிறுத்துகிறாள். திறக்க மட்டும் முடியவில்லை. பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி எண், என் பரீட்சை எண் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எந்த வங்கியில் என்ன வைத்திருந்தார் என்பது அதற்குள் இருக்கிறது.

அதனால்தான் நான், பூட்டிக்கொண்டாலும் மீட்க வழியுள்ள ஹார்ட்வேர் வாலெட் வாங்கினேன். இங்கே டேட்டா சென்டரில் வேலை. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்ததைக் கிரிப்டோவாக வைத்திருந்தேன். அதன் சாவி இணையத்தில் இல்லாமல், கட்டைவிரல் அளவுள்ள இந்தக் கருவிக்குள் இருக்கும். மூன்று முறை தவறான பின் நம்பர் போட்டால் கருவி தன்னை அழித்துக்கொள்ளும். பிறகு மீட்க, கருவி முதலில் தந்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், அதே வரிசையில் வேண்டும். காகிதம் எரியும், நனையும், எவர்சில்வர் தாங்கும். ஊருக்குப் போனபோது, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஆறு டப்பாக்களின் அடியில், டப்பாவுக்கு இரண்டு சொல்லாக நானே பொறித்தேன். பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசை. விவரம் பிறகு சொல்லலாமென்று, யாருக்கும் கொடுக்காதே என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆனால் நானும் திறக்காத போனாக மிஞ்ச மாட்டேன் என்ற நிம்மதி வந்தது.

போன வாரம், என்னுடன் தங்கியிருக்கும் வசந்தி அக்கா கருவியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். இங்கேயே பக்கத்துக் காஹாங்கில் பிறந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவர்.

"சாரி லா, பென் டிரைவ்னு எடுத்துட்டுப் போயிட்டேன். பிரிண்ட் கடைல சொருகினா, அது நம்பர் கேட்டுச்சு. நம்ம வாசல் கேட் பூட்டு நம்பரப் போட்டுப் பாத்தோம்."

"எத்தன வாட்டிக்கா?"

"மூணு. பயப்படாதே, அப்புறம் பாத்தா உள்ள ஒன்னுமே இல்ல."

மறுநாள் ஏழு மணிக்கே வீடியோவில் அழைத்து, அம்மாவை எழுப்பி, டப்பாக்களைக் கவிழ்க்கச் சொன்னேன். அந்தச் சொற்களைக் கேமராவுக்குக் காட்டக் கூடாது என்பது முதல் விதி. வேறு வழியில்லை. முதல் டப்பாவில் என் சொற்களுக்குக் கீழே மெஷினில் வெட்டிய பெயர்: வே. தங்கராசு.

"இது எப்பம்மா வெட்டின?"

"நீதான யாருக்கும் குடுக்காதேன்ன? பேரு இல்லாட்டி, போன பாத்திரம் திரும்பி வருமா?"

பெரிய டப்பாக்களில் இடம் இருந்தது. ஆகச் சிறியதில் இல்லை; பாத்திரக் கடைக்காரர் கடைசிச் சொல்லின் மேலேயே அப்பாவை வெட்டியிருந்தார். அம்மா அதை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். 'வே'க்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தின் முதுகு தெரிந்தது. மற்றப் பதினொன்றோடு, கருவியின் பட்டியலில் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். பெரும்பாலானவற்றைக் கருவி மறுத்தது. சிலவற்றை ஏற்றுக்கொண்டு, யாருடையதும் அல்லாத காலிக் கணக்கைத் திறந்து காட்டியது. அதுதான் அதிகம் பயமுறுத்தியது. கடைசியில் என்னுடையது திறந்தது. பணம் அப்படியே இருந்தது.

"வெளியே காட்டின வார்த்தை இனிமே ஆகாதும்மா. புதுசா எடுக்கணும். டப்பாவும் வேற வேணும்."

"வாங்கிருவோம். யாரு பேரு வெட்ட? உன் பேரா?"

எங்கள் வீட்டில் பெண்ணின் பெயரைப் பாத்திரத்தில் வெட்டுவது, அவள் அதை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகும்போதுதான். என் பெயரில் அங்கே ஒரு கரண்டிகூட இல்லை, இங்கேயும் இல்லை. அப்போது அப்பாவின் போனில் அலாரம் அடித்தது. அம்மா நிறுத்தப் போகவில்லை. அங்கே ஐந்தரை, இங்கே எட்டு. அது தானாக ஓயும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.